காரணமில்லாச் சிவப்பு

புதன்கிழமை காலையில் சென்னியப்பனின் கார் தானாகவே கிளம்பிப் பரிசோதனை நிலையத்துக்குப் போனது. அங்கே மற்ற கார்களோடு வரிசையில் நின்று தன்னைக் காட்டிக்கொண்டது. பதினொரு மணிக்கு உடுமலைக்குத் திரும்பி வந்து வாசலில் நின்று, தொண்டையைச் செருமுவது போல் ஒரு ஒலி எழுப்பியது.

"நான் முழு நலத்துடன் இருக்கிறேன். பிரேக் விளக்குச் சுவிட்ச் நான்காவது முறையாக மாற்றப்பட்டது. கழற்றப்பட்ட சுவிட்சிலும் பழுது இல்லை. இன்னொரு முறை காரணமில்லாச் சிவப்பு பதிவானால், சாலையில் ஓடும் உரிமை எனக்கு ரத்தாகும்."

சென்னியப்பன் கையிலிருந்த காபியைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

அந்தக் காலத்தில் கார்கள் மணிக்கு நூற்று எண்பது கிலோமீட்டர் வேகத்தில், ஒன்றுக்குப் பின் ஒன்றாக, இரண்டு மீட்டர் இடைவெளியில் சரம் கோத்தாற்போல ஓடின. கார்கள் வானொலி அலையில் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதை முன்பொரு சமயம் யாரோ விஷமிகள் மாற்றிவிட, பெரிய விபத்து நடந்து போயிற்று. அதன்பின் சட்டம் பழைய வழிக்கே திரும்பியது. முன்னால் சிவப்பு எரிந்தால் பின்னால் வரும் கார் வேகத்தைக் குறைக்க வேண்டும். விளக்கைத் தூரத்தில் உட்கார்ந்து யாரும் பொய்யாக எரிய வைக்க முடியாது என்பது கணக்கு. ஆனால் சென்னியப்பனின் காரில் பிரேக் பிடிக்காதபோதே விளக்கு எரிந்தது. போன வாரம் பொள்ளாச்சிச் சாலையில் அது மூன்று முறை மினுக்கியதில், பின்னால் ஆறாயிரம் கார்கள் நகராமல் நின்றன.

இந்தக் காரின் உரிமை ரத்தானால் வேறு காரில் போகலாம்தான். ஆனால் அவர் மனைவி ருக்மணியால் முடியாது. தண்டுவடம் நசுங்கி இரண்டு வருடமாக இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் இருந்த அவருக்கு, கோவை மருத்துவமனையில் நரம்பு இழைகளை மறுபடி வளர்த்துக்கொண்டிருந்தார்கள். வாரம் இரண்டு தடவை போக வேண்டும். இழைகள் முடியைவிட மெல்லியவை. பயணத்தில் முதுகு அசையக் கூடாது. அவர் அளவுக்கே வார்த்த ஒரு தொட்டில் இருக்கையை அந்தக் காரின் இடப்பக்கத்தில் பொருத்தியிருந்தார்கள். வேறு காருக்கு மாற்றி வார்க்க நான்கு மாதம் ஆகும். இரண்டு வாரம் விட்டாலே வளர்ந்த இழை வாடிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அன்று மதியமே சென்னியப்பன் காரைத் தனியாக அனுப்பாமல், தானும் ஏறி உட்கார்ந்து பழைய சாலை வழியாகக் கிணத்துக்கடவுக்குப் போனார். அங்கே அமிர்தவல்லி என்ற பெண் பட்டறை வைத்திருந்தாள். நிலையத்து இயந்திரங்கள் கைவிட்ட மின்சுற்றுகளைப் பார்ப்பது அவள் தொழில். நாற்பத்தைந்து வயது. பேச்சு குறைவு. கை சுத்தம்.

"எப்ப இருந்துங்கய்யா இப்படி எரியுது?"

"மூணு மாசமா அம்மிணி. நான் ஒண்ணுமே பண்ணலீங்க. அதுவா எரியுது."

அமிர்தவல்லி முன்னிருக்கைக்குக் கீழே படுத்து டார்ச்சை அடித்துப் பார்த்தாள். கார் தானே ஓடினாலும், ஆபத்துக்கு மனிதன் நிறுத்தட்டும் என்று சட்டம் வலது இருக்கைக்கு முன்னால் ஒரு மிதி வைக்கச் சொல்லியிருந்தது. அபய மிதி என்று அதற்குப் பெயர். மிதியின் கழுத்தில் சுண்டுவிரல் நுனி அளவு ஒரு சுவிட்ச். மிதி மேலே இருக்கும்வரை அதன் முனை உள்ளே அமுங்கியிருக்கும், விளக்கு அணைந்திருக்கும். மிதி சற்று இறங்கினாலும் முனை வெளியே வரும், விளக்கு எரியும். பிரேக் பிடிக்கவோ நன்றாக அழுத்த வேண்டும்.

அவள் அவசரப்படவில்லை. முதலில் பியூஸ். பிறகு சுவிட்சுக்கு வரும் மின்சாரம், சுவிட்சைத் தாண்டிப் போகும் மின்சாரம். பின்விளக்கு வரை வயரை ஒவ்வொரு சாணாகப் பிடித்து ஆட்டினாள். இணைப்புகளில் தண்ணீர் தெளித்தாள். சூடான காற்றை ஊதினாள். காரை அதிரும் மேடையில் ஏற்றி ஒரு மணி நேரம் குலுக்கினாள். விளக்கு ஒரு தடவைகூட எரியவில்லை.

"சுவிட்ச் நல்லாருக்குது. வயரும் நல்லாருக்குது."

"இதையத்தான் அந்த மிசினும் சொல்லுது" என்றார் சென்னியப்பன். "நாளான்னிக்கு ஆஸ்பத்திரி போகோணும் அம்மிணி. விளக்கு எரிஞ்சா அவ கதி அவ்வளவுதான்."

அமிர்தவல்லி காரின் பதிவேட்டைத் திறந்து, சிவப்பு எரிந்த நாட்களை ஒரு தாளில் எழுதினாள். எழுதி முடித்ததும் சிறிது நேரம் அதையே பார்த்தாள். எல்லாமே செவ்வாயும் வெள்ளியும். மற்ற நாட்களில் கார் ஊரெல்லாம் சுற்றியிருக்கிறது, ஒரு மினுக்கல்கூட இல்லை.

"செவ்வாய், வெள்ளி கார்ல யார் யார் வருவீங்க?"

"ஆஸ்பத்திரிக்கு நானும் அவளும்தான்."

"நாளைக்கு அம்மாவையும் கூட்டிட்டு வாங்க."

பட்டறைக்குப் பின்னால் கைவிடப்பட்ட பழைய நெடுஞ்சாலையில் மூன்று கிலோமீட்டர் துண்டு ஒன்று இருந்தது. சாலை அதிகாரிகளின் கணக்கில் அது சாலையே இல்லை, அங்கே எரியும் சிவப்பு பதிவாகாது. மறுநாள் அமிர்தவல்லி பின்விளக்கு வயரைக் கழற்றி, அதில் ஒரு சோதனை பல்பை மாட்டித் தன் மடியில் வைத்துக்கொண்டு பின்னிருக்கையில் உட்கார்ந்தாள். வாடிக்கையாளர் கார் ஒன்றை முன்னாலும் இன்னொன்றைப் பின்னாலும் ஓடவிட்டாள். முதலில் கார் ஆளில்லாமல் ஓட, அவள் மட்டும் பார்த்தாள். பல்பு எரியவில்லை. அடுத்து சென்னியப்பன் ஏறினார். எரியவில்லை. மூன்றாவது சுற்றுக்கு ருக்மணியைத் தொட்டிலில் படுக்க வைத்தார்கள்.

முந்தைய இரண்டு சுற்றிலும் செய்தது போலவே, கையிலிருந்த ரிமோட்டால் முன் காரை அவள் சற்று மெதுவாக்கினாள். இவர்கள் கார் அதற்கேற்பத் தானே நிதானமானது. இரண்டு கார்களுக்கும் நடுவே இடைவெளி குறைந்த அந்தக் கணத்தில், மடியிலிருந்த பல்பு சிவப்பாக எரிந்து அணைந்தது.

அமிர்தவல்லி எட்டிப் பார்த்தாள். சென்னியப்பனின் கண் முன் காரில் இருந்தது. இடது கை மனைவியின் தொட்டில் விளிம்பைப் பிடித்திருந்தது. வலது கால், அவருக்கே தெரியாமல், மிதியின் மேல் லேசாக அமர்ந்திருந்தது.

"ஐயா, காலப் பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். நெருப்பைத் தொட்டவர் போல் காலை இழுத்துக்கொண்டார். முகம் சிவந்துவிட்டது. மனிதர் ஓட்டும் வண்டிகள் தடை செய்யப்படும்வரை இருபத்திரண்டு வருடம் தேங்காய் லோடு லாரி ஓட்டியவர் அவர்.

"நான் மிதிக்கலீங்க" என்றார் முதலில். அப்புறம், "மிதிச்சனா?" என்று கேட்டார். தொட்டில் விளிம்பைத் தடவிக்கொண்டே சொன்னார். "அவ முதுகுல ஒரு குலுக்கல் பட்டாப் போச்சுன்னு டாக்டர் சொன்னாரு அம்மிணி. முன்னாடி வண்டி கிட்டக்க வந்தா எனக்கு உசுரே இருக்கறதில்லை."

ருக்மணி தொட்டிலில் படுத்தபடியே சிரித்தார். "நல்லா மிதிச்சீங்க போங்க. என்னையக் காப்பாத்தறேன்னு என் காரைப் புடுங்கிக் குடுக்கப் பாத்தீங்களே!"

அன்று மாலை அமிர்தவல்லி நிலையத்துக்கு அறிக்கை அனுப்பினாள். பழுதின் காரணம் என்ற இடத்தில் "மனிதர்" என்று மட்டும் எழுதினாள். நிலையத்தின் பழுதறி இயந்திரம் உடனே அழைத்தது.

"இந்தச் சாத்தியத்தை நாங்கள் ஆராய்ந்து நீக்கிவிட்டோம். மிதியைத் தொட்டீர்களா என்று உரிமையாளரிடம் நாற்பத்தொரு முறை கேட்டோம். நாற்பத்தொரு முறையும் இல்லை என்றார். எனவே சுவிட்சை மாற்றினோம்."

"அவர் பொய் சொல்லலை. அவருக்குத் தெரியலை."

"தெரியாத ஒன்றைப் பற்றி மனிதர்கள் உறுதியாக இல்லை என்று சொல்வார்களா?"

"அதை உங்க குறிப்புல சேத்துக்கங்க" என்றாள் அமிர்தவல்லி.

கால் இயங்காதவர்களுக்காகச் சட்டம் மிதிக்குப் பதிலாக ஒரு கைப்பிடியை அனுமதித்திருந்தது. உடம்பெல்லாம் சேர்த்து இழுத்தால்தான் அது பிடிக்கும். அமிர்தவல்லி அதைப் பொருத்தி அனுமதி வாங்கினாள். மிதியைக் கழற்றப் போனபோது சென்னியப்பன் அவள் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"அது அங்கியே இருக்கட்டும் அம்மிணி."

"வயரைக் கழட்டிட்டேனுங்கய்யா. அதுல ஒண்ணும் வேலை செய்யாது. வெறும் ஸ்பிரிங்குதான்."

"தெரியுமுங்க. காலுக்கு ஒரு எடம் வேணுமல்ல."

அவள் யோசித்துப் பார்த்து, ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இறுக்கியும் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை அவர் உடுமலையிலிருந்து கோவை வரை மிதித்துக்கொண்டே போனார். பின்னால் ஒரு சிவப்பும் எரியவில்லை. அடுத்த மூன்று மாதமும் எரியவில்லை. நிலையத்திலிருந்து பாராட்டுக் கடிதம்கூட வந்தது, காருக்கு.

தை பிறந்து பத்து நாளிருக்கும். பட்டறை வாசலில் அந்தக் கார் வந்து நின்றது. இடப்பக்கக் கதவு திறந்து, தொட்டில் இல்லாத சாதாரண இருக்கையிலிருந்து ருக்மணி இறங்கினார். ஊன்றுகோலை ஒரு கையில் பிடித்து, ஒவ்வொரு அடியாக வைத்து, அமிர்தவல்லி நின்ற இடம்வரை வந்தார். சென்னியப்பன் பின்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார், விழுந்தால் பிடிக்க.

அமிர்தவல்லிக்குக் கண் கலங்கிவிட்டது. "அம்மா, நடக்கறீங்க!"

"நடக்கறேன் கண்ணு. அதுனாலதான் வந்தேன்." ருக்மணி மூச்சு வாங்கிக்கொண்டார். "எம்பக்கமும் ஒரு மிதி வெச்சுக் குடு."

"அம்மா, ஐயாவோட மிதியே எதுலயும் மாட்டலீங்களே. அது சும்மாதான் நிக்குது."

"அது எனக்குத் தெரியாதா?" ருக்மணி கணவர் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஆனா இவரு எப்பவுமே லேட்டாத்தான் மிதிக்கறாரு."