பர்ராங்கியாவில் கொதிக்காத கார்டு

ஆலங்கட்டி மழைக்குப் பயந்து யூரானி கடைக்குள் ஓடி வந்தபோது, அவளுக்காக எடுத்து வைத்திருந்த பெட்டியின் மேல் வேறொருவன் கை இருந்தது.

நெற்றியில் ஒட்டிய ஈர முடியை ஒதுக்கிவிட்டு, அவளும் பெட்டியின் மறுமுனையைப் பிடித்தாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். தேன் நிறக் கண்கள்... மழை விட்டதும் வருமே ஒரு மஞ்சள் வெயில், அந்த மாதிரி... சே, என்ன நினைப்பு இது.

"நீயும் இதுக்குத்தான் வந்தியா?" என்றான்.

நீயா... யூரானிக்கு முகம் சிவந்தது. இந்தப் பொகோதாவில் கட்டின புருஷனைக்கூட 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார்கள். கடற்கரைக்காரர்களுக்கு மட்டும் பார்த்த மாத்திரத்தில் எல்லாரும் 'நீ'தான்.

"நீங்க முதல்ல கையை எடுங்க" என்றாள்.

கடைக்கார எல்வீரா அம்மாதான் மறதியில் இரண்டு பேரிடமும் சரி என்று சொல்லியிருந்தாள். பெட்டிக்குள் இருந்தது, கம்ப்யூட்டர் விளையாட்டுகளை ஓட்டுவதற்கான, இந்த வருஷத்தின் மிக விலை உயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு. மாடியில் மேஜை இருக்கு, ரெண்டு பேரும் சேர்ந்தே சோதித்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டாள்.

கார்டை வாங்கலாமா வேண்டாமா என்று சோதித்து வீடியோவில் சொல்வதுதான் யூரானியின் தொழில். போன வாரம் இதே வகைக் கார்டின் சூட்டை அளந்தாள்... கொதித்தது. ஆனால் கடற்கரை ஊரான பர்ராங்கியாவில் யாரோ ஒருவன், இது சூடே ஆகாது என்று வீடியோவில் புகழ்ந்திருந்தான். அவன் பேச்சை நம்பி வாங்கிய பொகோதாப் பையன்கள் புலம்பினார்கள். யூரானிக்குக் கோபம் வந்தது. ஒன்று அந்த ஆளுக்கு அளக்கத் தெரியாது, இல்லாவிட்டால் கம்பெனியிடம் காசு வாங்கியிருக்கிறான் என்று வீடியோவில் போட்டு உடைத்துவிட்டாள். பிறகுதான் உள்ளே ஏதோ உறுத்தியது. இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று வந்திருந்தாள்.

கார்டை மாட்டிக்கொண்டே அவன் மெதுவாகச் சொன்னான். "அந்தப் பர்ராங்கியாக்காரன் நான்தான். யாமித்."

யூரானியின் கையிலிருந்த திருப்புளி நழுவியது.

அவன் சண்டை போடவில்லை. அதுதான் அவளை என்னவோ செய்தது. ஏசியில் அறையைப் பொகோதா அளவுக்குக் குளிரவைத்துத்தான் அளந்தானாம். காசு வாங்கினவன் என்ற பேச்சு அவன் அம்மா காது வரை போய்விட்டதாம்... அதனால்தான் இங்கேயே அளந்து பார்க்க இவ்வளவு தூரம் வந்தானாம்.

விளையாட்டை ஓடவிட்டார்கள். கார்டு கொதித்தது. மின்விசிறிகள் அலறின. யாமித் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து வைத்துப் பார்த்தான், வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தான்... அப்படியும் கொதித்தது. அவன் முகம் வாடிப்போனது.

ஜெயித்தது நான்தானே... எனக்கு ஏன் சந்தோஷமாக இல்லை? ஒன்றும் புரியவில்லை அவளுக்கு. கார்டும் புரியவில்லை, தன் மனசும் புரியவில்லை.

லிஃப்ட் ஓடவில்லை. அவன் இறங்கிப் போய், இரண்டு கோப்பை சூடான வெல்லத்தண்ணீரும் சீஸ் துண்டுகளும் வாங்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தான். வந்தவன் வாசலிலேயே சுவரில் சாய்ந்து இரைத்தான்.

"உங்க ஊர்ல... காத்தே இல்லையாம்மா?"

யூரானி சிரித்தாள். சிரித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பொகோதா மலை உச்சி ஊர். காற்றின் அடர்த்தி குறைவு. விசிறி எவ்வளவு சுற்றினாலும், சூட்டை அள்ளிக்கொண்டு போக இங்கே போதுமான காற்று ஏது? கடல்மட்டத்தில் இவன் அளந்ததும் சரி... இங்கே அவள் அளந்ததும் சரி.

அதை அவனிடம் சொல்லிவிட்டாள். மன்னிப்பு கேட்க மட்டும் மனசு வரவில்லை. பாழாய்ப்போன ரோஷம். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குக் கிளம்புவதாகச் சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

அந்த நாற்காலி காலியானதும் அறையே பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. மறுநாள் கேமரா முன்னால் உட்கார்ந்தாள். அவன் பெயரைச் சொல்லி, அவரை நான் தப்பாகப் பேசினேன், அவர் நேர்மையானவர் என்றாள். மலையூர்க்காரர்கள் இந்தக் கார்டை வாங்குவதற்கு முன் யோசியுங்கள் என்றும் சொன்னாள். கேலி பேசியவர்கள் பேசட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஞாயிறு காலை, தூறலில், விமான நிலையத்து வாசலில் அவளே போய் நின்றாள். யாமித் பையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தான்.

வீடியோவைப் பார்த்தேன், அம்மா அழுதுட்டாங்க என்றான்.

யூரானி ஆரம்பித்தாள். "ஒரு சந்தேகம்... கடல்மட்டத்துல எப்படி இருக்குன்னு நானே நேர்ல வந்து பாக்கணும்."

"வாயேன். ஏசி ரூம் தயாரா இருக்கு. கார்டை எல்வீரா அம்மாகிட்ட கேட்டு எடுத்துட்டு வந்துடு."

"கார்டு வராது." அவள் குனிந்துகொண்டாள். "நான் மட்டும்தான் வருவேன்."

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது... புரிந்ததும், விமானத்துக்கு அழைக்கிற குரல் அவன் காதில் விழவே இல்லை.