அண்ணன் நம்பர்

ஒரு கைக்குட்டை வாங்கப் போனாலும் பெயர், ஊர், போன் நம்பர் என்று போலீஸ் ஸ்டேஷனில் விசாரிப்பதைப் போல விசாரிக்கிற காலம் இது. சுகுணா அன்றைக்கு வாங்கியதும் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு உள்பாவாடை, ஒரு துண்டு. அதுவும் வாங்கவேண்டும் என்று வந்தவள் இல்லை. மகள் சிவரஞ்சனி காலையில் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போய்விட்டாள். அதைக் கொடுக்கத்தான் அன்னவாசலில் வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறி, புதுக்கோட்டையில் இறங்கி, மண்டையைப் பிளக்கிற வெயிலில் மகள் வேலை பார்க்கும் துணிக்கடைக்கு வந்து சேர்ந்தாள்.

முன்பு சினிமா தியேட்டராக இருந்த கட்டடம் அது. கண்ணாடியும் விளக்கும் போட்டு மினுக்கியிருந்தார்கள். ஆனால் எவ்வளவு ஏசி போட்டாலும் பழைய சுவரின் ஈர வாடை போகவில்லை. வாசலில் ஸ்பீக்கர் ஆடித் தள்ளுபடி, ஆடித் தள்ளுபடி என்று கத்திக்கொண்டே இருந்தது.

பில் போடும் இடத்தில் திலகவதி என்று பெயர் அட்டை குத்திய பெண் நிமிர்ந்தாள்.

"போன் நம்பர் சொல்லுங்கக்கா."

சுகுணா ஒரே மூச்சில் சொன்னாள். சொன்னது அவளுடைய நம்பர் இல்லை. செத்துப்போன அண்ணன் மலையாண்டியின் நம்பர்.

தன் நம்பரைக் கொடுத்துப் பட்டதெல்லாம் போதும் போதும் என்றாகிவிட்டது அவளுக்கு. அடுப்பில் பால் பொங்கும்போது லோன் வேண்டுமா என்பான் ஒருத்தன். தலையில் சீயக்காயோடு ஓடி வந்து எடுத்தால், வாழ்த்துகள் மேடம், திருச்சி ரோட்டில் மனை என்பாள் ஒருத்தி. சிங்கப்பூரிலிருந்து வீட்டுக்காரர் ரகுநாத் கூப்பிடும் நேரம் பார்த்துத்தான் இந்தச் சனியன்களும் கூப்பிடும். ஒன்றைத் தடுத்து வைத்தால் இன்னொரு நம்பரில் வருவார்கள். அதனால் கடை கடையாக அண்ணன் நம்பரையே கொடுத்தாள். அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த இன்னொரு நம்பர் அது ஒன்றுதான். புருஷன் வெளிநாட்டில் இருந்ததால் கேஸ் சிலிண்டரிலிருந்து பள்ளிக்கூடம் வரை எல்லாவற்றுக்கும் அண்ணன் நம்பர்தான் கொடுத்திருந்தாள். செத்தவனுக்கு என்ன தொந்தரவு? துணிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை, குலுக்கல் பரிசுக் கூப்பன் எல்லாவற்றிலும் மலையாண்டிதான்.

உயிரோடு இருந்தபோது அவனிடம் யாரும் இப்படி விளையாடியிருக்க முடியாது. தங்கமான மனுஷன்தான், ஆனால் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. சாப்பிடும்போது விளம்பரக்காரன் கூப்பிட்டான் என்று சோற்றுத் தட்டைத் தூக்கி எறிந்து மிக்ஸியை உடைத்தவன். கல்குவாரியில் வேலை பார்த்து வலது கட்டைவிரலில் பாதியைத் தொலைத்தவன். நார்த்தாமலை பிரிவு ரோட்டில் வண்டியை ஓரங்கட்டி, போனில் கிரெடிட் கார்டு வேண்டுமா என்று கேட்டவனைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருந்தபோதுதான் பின்னால் வந்த லாரி அடித்தது.

உடம்பு சிதைந்திருந்தது. ஆனால் போனைப் பிடித்திருந்த கை அப்படியே இருந்தது. குழியில் இறக்கும்போது விரலைப் பிரிக்க நாலு பேர் முயன்று பார்த்தார்கள், முடியவில்லை. செத்தவர் ஆசையாக வைத்திருந்த பொருளைக் கூடவே போடுவது அவர்கள் பக்கத்து வழக்கம்தான். "அவன் பிடிச்சா விடமாட்டான், அதோடயே போகட்டும்" என்று சொல்லி, போனோடு சேர்த்துச் செம்மண்ணைத் தள்ளி மூடிவிட்டார்கள்.

"அக்கா, ஓடிபி வந்திருக்கும். பாத்துச் சொல்லுங்க" என்றாள் திலகவதி.

"அதெல்லாம் வேணாம்மா. பில்லைப் போடு."

"ஓடிபி போட்டாத்தான்க்கா தள்ளுபடி விழும்."

"போனு வீட்டுல கெடக்கு. வேணாம்னு சொல்றேன்ல!"

அப்போது திலகவதியின் பக்கத்திலிருந்த கடை போன் மணி அடித்தது. எடுத்தாள், கேட்டாள், கம்ப்யூட்டரில் தட்டினாள். தள்ளுபடி போட்டு பில் வெளியே வந்தது.

"யாரும்மா அது?"

"ஒங்க வீட்டுலேருந்துதான்க்கா. ஒரு அண்ணன் ஓடிபி சொன்னாரு." அவள் காதைத் தேய்த்துக்கொண்டாள். "மண்ணு அள்ளிக் கொட்டுற எடத்துல நிக்கிறாரு போல. ஒரே எரைச்சல்."

வீடு பூட்டிக் கிடந்தது. சாவி சுகுணாவின் இடுப்பில் இருந்தது.

"வேற... வேற என்ன சொன்னாரு?"

"வாரேன்னாருக்கா."

அந்த நம்பரைக் கம்பெனிக்காரன் வேறு யாருக்காவது கொடுத்திருப்பான் என்று மனதைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தாள் சுகுணா. அப்படித்தான் இருக்கும், வேறு எப்படி இருக்க முடியும்? ஆனால் திலகவதி கீழே வைத்த ரிசீவரின் மேல் செம்மண் புழுதி படிந்திருந்தது. மூக்கில் மழையில் நனைந்த மண் வாடையும், அதோடு கலந்து புகையிலை வாடையும் ஏறின. அண்ணன் போடுகிற அதே புகையிலை.

சாப்பாட்டு டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியேறினாள். லிப்டுக்கு நிற்கிற பொறுமை இல்லை. ரஞ்சனி வேலை பார்ப்பது உச்சி மாடியில், பழைய தியேட்டரில் படம் ஓட்டிய அறையில். அங்கே உட்கார்ந்து அவள் செய்யும் வேலை என்ன என்பது அப்போதுதான் சுகுணாவுக்கு உறைத்தது. கடைக்கு வந்து நம்பர் கொடுத்தவர்களையெல்லாம் திரும்பக் கூப்பிட்டுத் தள்ளுபடி சொல்வதுதான் அந்த வேலை.

ஜன்னல் இல்லாத அறை. சுவரில் படக்கருவிக்காக விட்ட இரண்டு சதுர ஓட்டைகள் மட்டும். காதில் ஹெட்செட் மாட்டிய பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஒரே குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டரே நம்பரைப் போடும், எதிரே ஆள் எடுத்ததும் இவர்கள் பேசவேண்டும். ஒருத்தர் வைத்துவிட்டால் அதே நம்பரை அடுத்த ஆளுக்குத் தள்ளிவிடும். மேனேஜர் குணசேகரன் பின்னால் நடந்துகொண்டே இருந்தார்.

"வணக்கம் சார், நான் சிவரஞ்சனி பேசுகிறேன், தங்களுக்கு ஒரு மகிழ்ச்சியான செய்தி..."

மகள்தான். ஆனால் வீட்டில் "ஏம்மா, கொழம்பு இம்புட்டுக் காரமா வச்சிருக்க" என்று கத்துகிற குரல் இல்லை அது. சொல்லிக்கொடுத்து, தேய்த்து, மெழுகிய குரல். பெற்றவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

ரஞ்சனிக்குப் பக்கத்து நாற்காலியில் பிளெஸ்ஸி என்ற பெண். சுகுணாவைப் பார்த்துச் சிரித்துக் கையாட்டினாள். பிறகு புருவத்தைச் சுருக்கினாள்.

"சார்? சார், லைன்ல இருக்கீங்களா? மூச்சு மட்டும் விடுறாரு..."

சுகுணா அவள் திரையைப் பார்த்தாள்.

அண்ணன் நம்பர்.

"வையி! போனை வையிம்மா!"

பிளெஸ்ஸி திரும்பினாள். வாயைத் திறந்தாள். திறந்த வாய் மூடவில்லை.

அவள் தலையில் இருந்த ஹெட்செட் இறுகியது. பிளாஸ்டிக் முறுகும் சத்தம் கேட்டது. அப்புறம் எலும்பு முறுகும் சத்தம். காதிலிருந்து ரத்தம் கழுத்தில் வழிந்து சுடிதாரை நனைத்தது. அலறவேண்டிய வாயிலிருந்து ஈரச் செம்மண் கட்டி கட்டியாக விழுந்தது. மண்ணோடு இரண்டு பல் கீபோர்டில் விழுந்து உருண்டன.

குணசேகரன் ஓடிவந்து ஹெட்செட்டைப் பிடித்து இழுத்தார். அவர் விரல்கள் ஒவ்வொன்றாகப் பின்பக்கம் மடிந்து ஒடிந்தன. யாரும் அவரைத் தொடவில்லை. தன் கையைத் தானே பார்த்துக்கொண்டு ஓலமிட்டார்.

"கரண்டை நிறுத்துங்க! கரண்டை நிறுத்துங்க!"

யாரோ சுவிட்சை அடித்தார்கள். விளக்கும் திரைகளும் அணைந்தன. பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கதவுக்கு ஓடினார்கள். இருட்டில் பிளெஸ்ஸியின் நாற்காலி சாய்ந்து, அவள் தரையில் விழுந்த சத்தம் கேட்டது. அப்புறம் அவளிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

சுவர் ஓட்டைகள் வழியாகக் கீழே எரிந்த கடை விளக்குகளின் வெளிச்சம் கொஞ்சம் வந்தது. அந்த வெளிச்சத்தில் ரஞ்சனி உட்கார்ந்தபடியே விறைத்திருப்பது தெரிந்தது. எழுந்து ஓட அவளுக்குத் தோன்றவில்லை.

கரண்ட் இல்லாத அறையில் அவள் ஹெட்செட்டில் பச்சை விளக்கு எரிந்தது.

அடுத்த ஆளுக்குத் தள்ளிவிட்டது.

"ரஞ்சனி! பேசாத! பேசாதடி!"

காதில் சத்தம் கேட்டதும் வாய் தானாகத் திறக்கிற பழக்கம், பாவி மகளுக்கு. கண்ணில் நீர் கொட்ட, அந்த மெழுகுக் குரலில் தொடங்கிவிட்டாள்.

"வணக்கம் சார், நான்..."

அவள் கழுத்து நாற்காலியின் முதுகோடு போய் அடித்தது. கண் பிதுங்கியது. காலால் மேசையை உதைத்தாள். சுகுணா பாய்ந்து மகளின் கழுத்தைப் பிடித்தாள். அங்கே கண்ணுக்குத் தெரியாத விரல்கள் இருந்தன. ஐஸ்கட்டிபோல் குளிர்ந்த, மண் அப்பிய விரல்கள். தடவிப் பார்த்து இழுத்தாள். வலது கையின் கட்டைவிரல் பாதிதான் இருந்தது.

"அண்ணே!"

பிடி தளரவில்லை. அவன் பிடித்தால் விடமாட்டான். சுகுணா குனிந்து அந்தக் கையைக் கடித்தாள். வாயெல்லாம் மண். துப்பிவிட்டு இன்னும் ஆழமாகக் கடித்தாள். ஓங்கி ஓர் அறை விழுந்து அவள் காது கிழிந்து தொங்கியது. வலி தெரியவில்லை. மகளின் தலையிலிருந்த ஹெட்செட்டின் மைக்கை வெறியோடு தன் வாய்க்கு இழுத்தாள்.

"அண்ணே, நான் சுகுணாண்ணே! இது ரஞ்சனிண்ணே! ஒன் தோளுல தூக்கி வளத்த புள்ள, ஒன் மருமகளாச்சேண்ணே! ஒன் நம்பரைக் கண்டவனுக்கும் குடுத்தது நான்தாண்ணே! கொல்றதுன்னா என்னையக் கொல்லு! இவளை விட்டுரு! இனிமே எல்லாருக்கும் என் நம்பரைக் குடுக்குறேன், அத்தனை பேரும் என்னைய கூப்புடட்டும். நீ தூங்குண்ணே!"

ஹெட்செட்டுக்குள் கேட்டுக்கொண்டிருந்த மண் சரியும் சத்தம் நின்றது.

மிகப் பக்கத்தில், மிகக் களைத்துப்போன ஒரு குரல் கேட்டது.

"தூங்க விடமாட்டேங்கிறாய்ங்க, ஆத்தா."

பச்சை விளக்கு அணைந்தது. ரஞ்சனி தாயின் மடியில் சரிந்தாள். மூச்சு இருந்தது.

பிளெஸ்ஸி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துபோனாள். கரண்ட் ஷாக் என்று கடைக்காரர்கள் சொன்னார்கள். வாயில் மண் எப்படி வந்தது என்று அவள் அம்மா கேட்டபோது எழுந்து வெளியே போய்விட்டார்கள். கொஞ்ச நாள் கடையை மூடிவைத்தார்கள். அப்புறம் ஸ்பீக்கர் மறுபடி ஆடித் தள்ளுபடி என்று கத்தத் தொடங்கியது. சுகுணா பிளெஸ்ஸியின் சாவுக்குப் போய், வாசலிலேயே நின்று அழுதுவிட்டு, உள்ளே போகத் தைரியமில்லாமல் திரும்பி வந்தாள்.

காதில் தையலோடு கடை கடையாக ஏறி இறங்கினாள். அந்த நம்பரை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள் என்று கெஞ்சினாள். லோன்காரன் கூப்பிட்டால் பணிவாகப் பேசினாள். மனைக்காரி கூப்பிட்டால் முழுதும் கேட்டாள். ஒரு போனையும் அவள் தட்டிவிடவில்லை. கண்மாய்க்கரை இடுகாட்டுக்குப் போய், அண்ணனைப் புதைத்த இடத்தில் நல்ல காதை வைத்துக் கேட்டாள். ஒரு சத்தமும் இல்லை. தூங்கிவிட்டான் என்று நம்பினாள். மகள் பிழைத்தாள், அது போதும் என்று அந்த மண்ணிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

ரஞ்சனிக்குத்தான் பேச்சு வரவில்லை. கழுத்தில் விரல் தடம் கறுத்துக் கிடந்தது. தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை, பயம்தான், தானாகச் சரியாகும் என்றார் டாக்டர். வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பாள். கொடுத்தால் சாப்பிடுவாள். நாள் முழுவதும் தூங்கினாள். அப்படி ஒரு தூக்கம் அவள் தூங்கி சுகுணா பார்த்ததில்லை.

ஆடி முடிந்த பிறகு ஒரு சாயங்காலம் டாக்டரிடம் காட்டிவிட்டு, அன்னவாசல் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் மருந்துக்கடையில் இருவரும் நின்றார்கள். கடைக்காரர் சார்லஸ் தெரிந்தவர்தான். மாத்திரையைக் கவரில் போட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார்.

"இப்ப நாங்களும் புதுசா மாத்திட்டோம்க்கா. போன் நம்பர் சொல்லுங்க, பாயிண்ட் ஏறும்."

சுகுணா தன் நம்பரைச் சொல்ல வாயெடுத்தாள்.

அதற்குள் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

ரஞ்சனி பேசினாள். அன்றைக்குப் பிறகு முதல் முறையாகப் பேசினாள். மாமா நம்பர் ஒருநாளும் அவளுக்கு மனப்பாடம் கிடையாது, எல்லாம் போனுக்குள் பெயராகத்தான் இருந்தது. ஒரு எண்கூடத் தப்பாமல் முழுதும் சொன்னாள். புகையிலை போட்டுப் போட்டுக் கரகரத்துப்போன ஆண்பிள்ளைக் குரலில் சொன்னாள்.

சார்லஸின் கை கீபோர்டின் மேல் நின்றுவிட்டது. சுகுணா மகளைப் பார்த்தாள். கவரை வாங்க நீட்டியிருந்த வலது கையின் கட்டைவிரலை அவள் பாதியாக உள்ளே மடக்கி வைத்திருந்தாள்.

"பே... பேரும்மா?" என்றார் சார்லஸ்.

"மலையாண்டி" என்றாள் ரஞ்சனி.