கூட்டணி மாறிய வாரத்தில் காணாமல்போன வாணலி

ஆர்வில் ஸ்டென்குவிஸ்ட் பல வருடம் கால்பந்து நடுவராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் ஊரில் எந்தத் தகராறு என்றாலும் அவரிடம்தான் வருவார்கள். அன்று காலை வாண்டாவின் டோனட் கடையில் அவர் காபியை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தபோது, ஹார்வெல் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறைத் தலைவி லியோனா ஹாட்ச் மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"ரெஃப்ரீ சார், வாணலியக் காணோம்!"

வாண்டா கையிலிருந்த இடுக்கியைக் கீழே போட்டுவிட்டாள். கான்சாஸில் எங்கள் பக்கம் வாணலி என்றால் ஒன்றுதான். ஹார்வெலும் பக்கத்து ஊர் கோல்டர் பல்கலைக்கழகமும் வருடா வருடம் கால்பந்தில் மோதி, ஜெயித்தவர்கள் தூக்கிப்போகும் பழைய இரும்பு வாணலி. ஜெயித்தவன் அதை முத்தமிடுவான். தோற்ற ஊர்க்காரன், திரும்ப ஜெயிக்கும்வரை வெறும் விரலால் அதைத் தொடமாட்டான்; தொட்டால் ஜென்மத்துக்கும் தோல்விதான். கோல்டர்காரர்கள் அதைத் தொட்டு வெகுகாலம் ஆகிறது.

அந்த வாரம்தான் ஹார்வெல் தான் ஆடும் பல்கலைக்கழகக் கூட்டணியை மாற்றியிருந்தது. பக்கத்து ஊர்களோடு ஆடிய பழைய கூட்டணியைக் கழற்றிவிட்டு, தொலைக்காட்சிப் பணம் கொட்டும் மேற்குக் கடற்கரைக் கூட்டணிக்குத் தாவிவிட்டது. தேர்தல் நேரத்துக் கட்சிகள்கூட இவ்வளவு வேகமாகத் தாவாது. கோல்டரோடு இனி ஆட்டமே கிடையாது. எனக்கு அதில் இன்றைக்கும் வயிற்றெரிச்சல்தான்.

"சனிக்கிழமை புதுக் கூட்டணிக்காரங்க வர்றாங்க. ஊரே கூடும். மைதானத்துல வாணலியத் தூக்கிக் காட்டலன்னா என் சீட்டு கிழிஞ்சுது," என்றாள் லியோனா.

"கோல்டர் பசங்க வேலை! இப்பவே போய் நாலு சாத்து சாத்துவோம்," என்று வாண்டா ஏப்ரனைக் கழற்றினாள்.

"பூட்டு உடையலயே. சாவி மூணு பேர்ட்டதான் இருக்கு. நான், கோச் ரஸ்முசன், பிரசிடென்ட் விட்டேக்கர்."

மூவரும் பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள். வாணலி இருந்த கண்ணாடி அலமாரி காலியாக இருந்தது. கதவுக் கீலில் நீலக் கம்பளி நூல் ஒன்று சிக்கியிருந்தது. ஹார்வெல்காரர்கள் போடும் மஃப்ளரின் நூல்.

"ஐயோ, நம்மாளா!" என்றாள் வாண்டா.

ஆர்வில் சுவரில் இருந்த போன வருட வெற்றிப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கோச் வாணலியை முத்தமிடுகிறார். லியோனா கைப்பிடியைப் பிடித்திருக்கிறாள். பல்கலைக்கழகத் தலைவர் விட்டேக்கர், கைகளில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு அடியில் தாங்குகிறார்.

"பாவம், குளிர் போல," என்றாள் வாண்டா.

"கோச் சட்டையே இல்லாம நிக்கிறாரு, பாத்தியா?" என்றார் ஆர்வில்.

மதியம் சாவி வைத்திருந்த மூவரையும் ஆர்வில் லியோனாவின் அறையில் உட்கார வைத்தார். வாண்டாவும் கூட இருந்தாள்.

"லியோனாவோ கோச்சோ எடுத்திருந்தா வெறுங்கையால எடுத்திருப்பாங்க. ஜெயிச்ச கை, கூச்சமே இருக்காது. மஃப்ளர் சுத்தி எடுத்தவருக்கு அதைத் தொட பயம். அந்தப் பயம் கோல்டர்காரனுக்கு மட்டும்தான் வரும். என்ன விட்டேக்கர் சார், காலேஜ் எங்க படிச்சீங்க?"

விட்டேக்கரின் காது சிவந்தது. "கோல்டர்லதான். இங்க வேலைக்கு வந்தப்ப யாரும் கேக்கல. நானும் வாயத் தொறக்கல."

"அடப்பாவி! எங்க சோத்தத் தின்னுட்டு..." என்று எழுந்த கோச்சை வாண்டா பிடித்து அமுக்கினாள். அவளுக்கும் அடிக்கத்தான் ஆசை.

"கூட்டணி மாத்தக் கையெழுத்துப் போட்டதே நீங்கதானே சார்?" என்றாள் லியோனா.

"போட்டப்புறம்தான் உறைச்சுது. இனி ஆட்டமே இல்லன்னா எங்காளுங்க அதை எப்பதான் ஜெயிக்கிறது? கோல்டர் வாசல்ல வச்சிடலாம்னு கிளம்பினேன். பாதி வழியில வண்டிய நிறுத்திட்டேன். ஜெயிக்காதத அவங்க மட்டும் தொடுவாங்களா? டிக்கியிலயே கிடக்கு."

பின்னால் இதைக் கேட்டபோது அந்த மனிதர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

"வெளிய சொன்னா ஊர் உங்கள உரிச்சுடும். நாங்க சொல்ல மாட்டோம்," என்றார் ஆர்வில். "ஆனா கூட்டணிக்கு வெளியில, வருஷா வருஷம் கோல்டரோட ஒரு ஆட்டம். பேசி முடிங்க."

"இதுவா தண்டனை?" என்று விட்டேக்கர் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

சனிக்கிழமை வாணலி மைதானத்தில் மின்னியது. லியோனாவின் வேலையும் தப்பியது. அடுத்த நவம்பரில் ஆட்டம் நடந்தது. கோல்டர் ஜெயித்தது.

தலைவர் மாடத்தில் விட்டேக்கர் தேம்பித் தேம்பி அழுதார். நம் பல்கலைக்கழகத்தின் மேல் இவ்வளவு பாசமா என்று ஹார்வெல் ரசிகர்கள் எழுந்து நின்று அவருக்குக் கைதட்டினார்கள். லியோனா கைக்குட்டையை நீட்டி, அவர் காதருகே குனிந்தாள்.

"நல்லா அழுங்க சார். அடுத்த வருஷம் நிஜமாவே அழ வைக்கிறோம்."