ஆட்டு இதயமும் கேலனும்

துருக்கியின் பெர்காமா ஊரில் எந்தப் பிள்ளையிடமும் உங்கள் ஊரின் பெரிய ஆள் யார் என்று கேட்டால், கேலன் என்ற பதில் வந்துவிடும். பழங்காலத்தில் வாள்வீரர்களின் காயங்களைத் தைத்து, பிறகு ரோமாபுரி அரசர்களுக்கே மருந்து கொடுத்த வைத்தியர் அவர்.

பள்ளி விழா நாடகத்தில் அந்தக் கேலனாக நடிக்க நெவ்ரா தேர்வானாள். இஸ்மிர் நகரத்துப் பள்ளிப் பிள்ளைகளும் பார்க்க வருகிறார்கள். நெவ்ராவின் கால் தரையில் படவில்லை.

ஒத்திகையின்போது வாள்வீரன் வேடக்காரன் தோல்கா சிரித்தான்.

"உங்க கேலன் பெரிய புளுகன், தெரியுமா? எங்கக்கா டாக்டருக்குப் படிக்கிறா. அவ புத்தகத்துல போட்டிருக்கு."

"என்னடா போட்டிருக்கு?"

"இதயத்துக்கு நடுவுல ஒரு சுவர் இருக்கு. அதுல கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கு, ரத்தம் அது வழியா அந்தப் பக்கம் போகுதுன்னு சொல்லியிருக்காரு. ஓட்டையே கிடையாது! அவரு சொன்னாருன்னு நோயாளிங்க உடம்புலேருந்து ரத்தத்தை வேற எடுத்துட்டே இருந்தாங்களாம், ஆயிரம் வருஷத்துக்கு மேல!"

நெவ்ரா ஃபெரிதே டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் தயங்கினார்.

"அவன் சொல்றது நிஜம்தாம்மா. அந்தக் காலத்துல மனுஷ உடம்பை அறுத்துப் பார்க்க விடல. குரங்கு, பன்றி, ஆடுன்னு பார்த்துதான் அவர் எழுதினார். நாடகத்துல அதெல்லாம் வேணாம். நல்லதை மட்டும் சொல்லிடலாம்."

"இஸ்மிர் பசங்க கேட்டா?" என்றான் தோல்கா. "மானம் போயிடும் டீச்சர்."

"அப்போ கேலன் வர்ற காட்சியையே எடுத்துடலாமா?" என்றார் டீச்சர்.

ஒத்திகை முடிந்ததும் நெவ்ரா சந்தைக்கு நடந்தாள். அங்கே அவள் அம்மா குல்பெரி இறைச்சிக் கடை வைத்திருந்தார்.

"என்னடி, மூஞ்சி வெந்த கத்திரிக்காய் மாதிரி இருக்கு?"

நெவ்ரா எல்லாவற்றையும் கொட்டினாள். அம்மா கத்தியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஆடெல்லாம் அறுத்தாரா? நம்ம கடைக்கு நல்ல வாடிக்கையா இருந்திருப்பாரு!"

நெவ்ராவுக்குச் சிரிப்பு வரவில்லை. தட்டில் இருந்த ஓர் ஆட்டு இதயத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஆட்டு இதயத்துலயும் நடுச்சுவர் இருக்குமா?"

"ஏன் இல்லாம?"

நெவ்ரா சட்டென்று திரும்பி ஓடினாள். தோல்காவின் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"சண்டை போட வந்தியா?" என்றான் அவன்.

"இல்ல. நீ சொன்னது சரியான்னு நாமளே பார்க்கலாம், வா. ஆட்டு இதயத்துல சாறு ஊத்திப் பார்ப்போம், நீதான் ஊத்தணும்."

கடையில் அம்மா ஆட்டு இதயத்தின் கீழ் அறைகள் இரண்டும் தெரியும்படி வெட்டி, நடுச்சுவரை மட்டும் விட்டுவைத்தார். நெவ்ரா ஓர் அறையில் வெள்ளைத் துணியைத் திணித்தாள். மற்றதில் தோல்கா மாதுளைச் சாற்றை ஊற்றினான். இருவரும் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தார்கள்.

துணி வெள்ளையாகவே இருந்தது.

"பார்த்தியா!" என்று குதித்தான் தோல்கா. பிறகு நெவ்ராவின் முகத்தைப் பார்த்து அடங்கினான். "கேலன் இப்படி ஊத்திப் பார்க்கலையா?"

"தெரியல. ஆனா 'கண்ணால பார்த்துட்டு நம்பு'ன்னு அவரே சொல்லியிருக்காராம், டீச்சர் சொன்னாங்க. இப்ப நாம பார்த்துட்டோம். இதையே மேடையில காட்டுவோமா? நான் கேலன். நீ என்னைக் கேள்வி கேக்குற ஆளு."

"எல்லார் முன்னாடியும் உன்னைக் கேள்வி கேக்கலாமா?" தோல்காவின் கண்கள் விரிந்தன. "நான் ரெடி!"

விழாவில் நெவ்ரா பஞ்சுத் தாடியோடு வந்தாள். வாள்வீரனின் காயத்தைத் தைத்தாள். "பழையவர்கள் சொன்னதுபோல் தமனிகளில் காற்று இல்லை, இரத்தமே ஓடுகிறது!" என்று முழங்கினாள். குரலை எழுப்பும் நரம்பு மூளையிலிருந்து வருகிறது என்பதையும் சொன்னாள். கைதட்டல் அதிர்ந்தது.

"ஐயா வைத்தியரே, இதயத்துச் சுவர்ல ஓட்டை இருக்குன்னீங்களே, எங்க?" என்று தோல்கா குரல் கொடுத்தான்.

டீச்சர் நகத்தைக் கடித்தார். நெவ்ரா அம்மா வெட்டிக் கொடுத்த ஆட்டு இதயத்தை எடுத்து, ஓர் அறையில் துணியை வைத்து, மற்றதில் மாதுளைச் சாற்றை ஊற்றினாள். பிறகு துணியை எடுத்து உயர்த்திக் காட்டினாள். ஒரு சொட்டுச் சிவப்பும் இல்லை.

"நான் சொன்னது தவறு," என்றாள் கேலனின் கம்பீரக் குரலில். "ஓட்டையைப் பார்க்காமலே சொல்லிவிட்டேன். என்னைப் போல் நீங்களும் அறுத்துப் பாருங்கள். ஆனால் நான் சொன்னதற்காக மட்டும் எதையும் நம்பிவிடாதீர்கள்!"

இஸ்மிர் பிள்ளைகள்தான் முதலில் எழுந்து கைதட்டினார்கள். நாடகம் முடிந்ததும் மேடையைச் சுற்றிக் கூட்டம் கூடியது. "நானும் ஊத்திப் பாக்கவா?" என்று வரிசையே நின்றது. டீச்சர் சாறு வாங்க இரண்டு முறை ஓட வேண்டியதாயிற்று.

இஸ்மிர் பையன் ஒருவன் கேட்டான். "இவ்வளவு தப்பு பண்ணவரை எதுக்கு இப்படிக் கொண்டாடுறீங்க?"

நெவ்ரா வாயைத் திறக்கும் முன் தோல்கா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தான்.

"ஆயிரம் வருஷமா உலகத்து டாக்டருங்க எல்லாம் எங்க ஊர்க்காரர் பேச்சைத்தான் கேட்டாங்க, தெரியும்ல? தப்பு பண்ணாலும் எங்க கேலன் சின்னதா பண்ண மாட்டாரு!"

நெவ்ரா விழுந்து விழுந்து சிரித்ததில், தாடி ஒரு காதிலிருந்து கழன்று தொங்கியது.