செவி தின்னும் அறை

கஜனி அந்த ஆஸ்பத்திரிக்கு முதல் தடவையாகப் பயிற்சிக்கு வந்தபோது, பிற்பகலே மாலை போல இருண்டு கிடந்தது. நகரத்தின் பார்க்டேல் பகுதிக்குப் பக்கத்தில் பழைய செங்கல் கட்டடம். ஐந்தாம் மாடியில் லிஃப்ட் திறந்ததும் கிருமிநாசினியின் நெடி முகத்தில் அடித்தது. அதற்கடியில் காயாத சுவரின் புழுங்கல் வாடை. தாதியர் படிப்பில் அவளுக்கு இது மூன்றாம் ஆண்டு.

நடைவழியின் கடைசியில், தனியறையில் கமலாம்பிகை என்ற நோயாளி கிடந்தார். சிறுநீரகத்தில் தொடங்கிய தொற்று இரத்தத்தில் கலந்துவிட்டிருந்தது. ஒரே மகன் கிருபனுக்குத் தள்ளியிருந்த ஒஷாவா நகரத்தில் வேலை. நாளாந்தம் மதிய இடைவேளையில் தாயுடன் போனில் கதைப்பான்.

அன்ரிபயோட்டிக் மருந்துக் குடும்பங்களைக் கஜனி சோதனைக்காகப் பாடமாக்கியிருந்தாள். ஒன்று சரிவராவிட்டால் இன்னொன்று கைகொடுக்கும் என்று நம்பியிருந்தாள். கமலாம்பிகைக்குப் பெனிசிலினை நினைத்தும் பார்க்க முடியாது. சின்ன வயதில் ஒரே ஊசியில் தொண்டை அடைத்து உயிர் போய் வந்தவர். செஃபலோஸ்போரின்களுக்கும், அவற்றைவிட வலுவானவற்றுக்கும் அந்தக் கிருமி அசையவில்லை. சிப்ரோஃப்ளொக்சசினில் குதிக்கால் தசைநார் வீங்கிக் கால் ஊன்ற முடியாமற் போனதுதான் மிச்சம். ஆய்வுகூடம் கடைசியாகச் சொன்னது ஜென்டமைசின். அது கிருமியைக் கொல்லும். சில வேளை சிறுநீரகத்தையும் செவியையும் சேர்த்துத் தின்னும்.

"இரத்தத்தில மருந்து எவ்வளவு நிக்குது எண்டு பாக்கோணும்," என்றாள் கஜனிக்குப் பொறுப்பான தாதி பிரசாந்தினி. "காதுக்குள்ள இரையுதோ, தலை சுத்துதோ எண்டு ஒவ்வொரு நாளும் கேக்கோணும். மறந்திடாதையும்."

"வேற மருந்தே இல்லையா அக்கா?"

பிரசாந்தினி கையுறையை இழுத்து மாட்டினாள்.

கஜனி மறக்கவில்லை. மஞ்சள் அங்கியும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு அறைக்குள் போகும்போதெல்லாம் கேட்டாள். ஒருநாள் மருந்துப் பையைக் கொழுவியபடி கேட்டபோது, கமலாம்பிகை மெல்லச் சிரித்தார்.

"இரையேல்லைப் பிள்ளை. கதைக்கிறா."

"ஆர் அன்ரி?"

"உவதான்."

அவர் கண்கள் சன்னலோர மூலைக்குப் போயின.

அங்கே யாரும் இல்லை.

"முதல்ல தண்ணிக்கு அடியில இருந்து கதைக்கிற மாதிரி இருந்தது. இப்ப சொல்லுச் சொல்லா விளங்குது."

கஜனி ஓடிப்போய்ப் பிரசாந்தினியிடம் சொன்னாள். செவிப் பரிசோதனை நடந்தது. மெல்லிய கீச்சொலிகள் கமலாம்பிகைக்கு ஏற்கெனவே கேட்காமற் போயிருந்தன. இரத்தத்தில் மருந்தளவு மட்டும் சரியாகவே இருந்தது. நிறுத்தினால் காய்ச்சல் திரும்பும், தொடர்ந்தால் செவி முழுதாகப் போகலாம் என்று கிருபனிடம் டொக்டர் விளக்கினார். அவன் நடைவழிச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான்.

"காது போனாப் போகட்டும்," என்றான் கடைசியில். "அம்மா இருந்தாக் காணும்."

மருந்து தொடர்ந்தது.

கதவு சாத்தும் சத்தத்துக்குக் கமலாம்பிகை திரும்பாமல் விட்டார். பிறகு தன் பெயரைக் கூப்பிட்டாலும் திரும்பவில்லை. ஒரு மதியம் போனைக் காதில் அழுத்திக்கொண்டு, "ஆரப்பா? கதையுங்கோவன்," என்று அவர் கெஞ்ச, "அம்மா, அம்மா!" என்று கிருபன் கத்துவது வாசலில் நின்ற கஜனிக்குக்கூடக் கேட்டது.

அடுத்த நாள் அவன் நேரில் வந்து, தாயின் காதருகே குனிந்து கூப்பிட்டான்.

கமலாம்பிகை விரலை உதட்டில் வைத்தார்.

"உஸ்... அவ கதைக்கிறா."

அவன் போன பிறகு கஜனி குழாயைச் சரிசெய்தாள். முதுகு மூலைப் பக்கம். சொட்டு விழும் ஓசைகூட நின்றுவிட்டது போல அறை அடங்கியது. ஈரத் தலைமயிரின் வாடை முகக்கவசத்தையும் தாண்டி வந்தது.

கமலாம்பிகையின் பார்வை அவளுடைய தோளுக்கு மேலே போனது.

"பிள்ளை," என்றார் தாழ்ந்த குரலில். "அசையாதை."

கஜனி அசையவில்லை.

"உன்ர காதுக்குக் கிட்ட நிக்கிறா."

இடக் காதின் மடலில் ஒரு குளிர் மூச்சு பட்டது.

விலகியது.

மறுபடி பட்டது.

"பயப்பிடாதை. உனக்கு இன்னும் கேக்காது."

அந்தக் கிழமையே சிறுநீரகம் படுத்துவிட்டது. டொக்டர் மருந்தை நிறுத்தினார். கொடுக்க வேறொன்றும் இருக்கவில்லை. காய்ச்சல் நெருப்பாக ஏறியது. பனி தூவிய ஒரு மத்தியானத்தில், கிருபன் தாயின் கையைப் பிடித்துக் கூப்பிட்டுக்கொண்டே இருக்க, கமலாம்பிகை மூலையைப் பார்த்து, "வாறன்," என்றார். அதற்குப் பிறகு மூச்சு வரவில்லை.

என்ர குரல் கேக்காதவ ஆருக்கு வாறன் எண்டவ என்று கிருபன் ஒவ்வொருவராகக் கேட்டான். கஜனியிடமும் கேட்டான்.  கேள், சொல், கவனி என்று படித்ததையெல்லாம் செய்திருந்தாள். ஒன்றும் உதவவில்லை.

அறையைக் கழுவினார்கள். திரைச்சீலையிலிருந்து மெத்தை வரை எல்லாம் மாற்றினார்கள். சில நாட்களில் ஒரு போர்த்துக்கீச முதியவரைக் கொண்டுவந்து விட்டார்கள். பெயர் மனுவெல். கால் எலும்பு முறிவு. தொற்று எதுவும் இல்லை, ஜென்டமைசின் தொட்டதும் இல்லை. ஆங்கிலமே அவருக்குத் தட்டுத்தடுமாறித்தான் வரும்.

கஜனி சாப்பாட்டுத் தட்டோடு வாசலுக்கு வந்தபோது, அவர் சன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். "மிஸ்டர் மனுவெல்," என்று கூப்பிட்டாள்.

அவர் திரும்பவில்லை.

சத்தமாகக் கூப்பிட்டாள்.

அவர் மூலையைப் பார்த்து மெதுவாகத் தலையாட்டினார். பிறகு, பிறந்த நாளிலிருந்து யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர் போலச் சுத்தமான தமிழில், இரகசியமாகச் சொன்னார்:

"ஓம், வாசல்லதான் நிக்கிறா. உள்ள வரச் சொல்லட்டே?"