கம்பி இல்லாத ஜன்னல்

குடிவந்த அன்று, மூட்டைகளை அவிழ்ப்பதற்கு முன்பே பொறி பின்னறையைப் போய்ப் பார்த்தாள். கேட் செய்யும் பட்டறையில் அவள் வெல்டர். எப்போது பார்த்தாலும் சுற்றிலும் தீப்பொறி பறக்க நிற்பவள் என்று கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் அது. பஸ் ஓட்டும் அவள் கணவனும் அப்படித்தான் கூப்பிடுவான்.

சிமென்ட் தரை. தாழ்ந்த கூரை. கனத்த மரக்கதவு, அதன் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டுமே இருந்தது. பல தடவை மேலே மேலே பெயின்ட் அடித்து, அது கதவோடு ஒட்டிப்போயிருந்தது. ஒரே ஒரு ஜன்னல். மேலிருந்து கீழ்வரை கட்டைவிரல் தடிமனில் கம்பிகள், ஒரு முஷ்டிகூட நுழையாத நெருக்கத்தில். வெகுநேரம் கைக்குள் பொத்தி வைத்த நாணயத்தின் வாசனை அறை முழுக்க இருந்தது.

எட்டிப் பார்த்த கணவன் சிரித்தான். உன் பேருக்கு ஏத்த ரூம்தான், எலிப்பொறி மாதிரியே இருக்கு என்றான்.

அவளுக்கு அறை பிடித்துப்போயிற்று. பட்டறையில் நாளெல்லாம் யாரோ வரைந்து கொடுத்ததை வெட்டி ஒட்டும் வேலை. இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, தன் இஷ்டத்துக்கு அடித்து வளைக்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. அதற்கான சாமான்களையும் தானே செய்துகொள்ள வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாள். பழைய லாரியின் பிரேக் டிரம் உலையாயிற்று. அதற்குக் காற்றூதத் தலைமுடி உலர்த்தும் மெஷின். மரக்கட்டையின் மேல் இறுக்கிய தண்டவாளத் துண்டு, இரும்பை வைத்து அடிக்கும் பட்டடையாயிற்று. குறடும் உளியும் அடிக்கத்தான் நல்ல கம்பி வேண்டியிருந்தது.

ஜன்னல் கம்பியை விரலால் தட்டிப் பார்த்தாள். மணிபோல நெடுநேரம் ஒலித்தது.

கம்பியை எடுத்தால் புகை போகவும் வசதி. வீட்டுக்காரருக்குப் போன் செய்து அனுமதி கேட்டாள். எல்லாக் கம்பியையுமா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, உங்கள் விருப்பம் என்றார். அடுத்த விடுமுறையில் கணவன்தான் கட்டிங் மெஷினால் அறுத்துக் கொடுத்தான். இனி திருடன் வந்தால் டீ போட்டுக் கொடுத்து உட்கார வை என்று கிண்டல் வேறு. அறுத்த கம்பிகளைத் துடைத்தபோது அவள் ஒன்றைக் கவனித்தாள். ஓர் ஆளின் நெஞ்சு உயரத்தில் மட்டும் எல்லாக் கம்பிகளும் தேய்ந்து வழவழவென்று மின்னின.

முதலில் குறடு செய்தாள். இரண்டு கம்பிகளின் முனையைக் காய்ச்சித் தட்டையாக்கி, நடுவில் துளையிட்டு, ரிவிட் அடித்துச் சேர்த்தாள். கத்தரிக்கோல் மாதிரி லேசாகத் திறந்து மூடியது. ஆனால் திறந்து மாட்டிவைத்தால் காலையில் இறுக மூடிக் கிடந்தது. ரிவிட் சரியில்லை என்று நினைத்து மாற்றினாள். மறுநாளும் மூடிக் கிடந்தது. காற்றூதும் மெஷினை நிறுத்திய பிறகும் யாரோ மூச்சு விடுவது போலக் கேட்டது. மோட்டார் சூடாகியிருக்கும் என்று சொல்லிக்கொண்டாள்.

அது அவளுடைய வார விடுமுறை. நல்ல வெயில், ஓர் இலைகூட அசையவில்லை. கணவன் வேலைக்குப் போயிருந்தான். உளி அடித்து முடித்து, பழுத்த முனையைத் தொட்டித் தண்ணீரில் முக்கினாள். சுர்ரென்ற சத்தம் அடங்கியதும், பின்னால் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

திரும்பிப் பார்த்தாள். தள்ளினாள். அசையவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. காய்ந்த பெயின்ட் உதிர, வெளியே தாழ்ப்பாள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து போய் விழுந்தது.

வாசல் கதவை அவளே உள்ளிருந்து பூட்டியிருந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை.

மூடிய அறையில் கரிப்புகை ஆளைக் கொல்லும் என்று அவளுக்குத் தெரியும். மெஷினை நிறுத்தினாள். தொட்டித் தண்ணீரை அப்படியே உலையில் கவிழ்த்தாள். ஆவியும் புகையுமாக எழும்பி ஜன்னலை நோக்கிப் போயிற்று. ஜன்னல்வரை போய் நின்றது. பிறகு அறைக்குள்ளேயே திரும்பியது.

ஜன்னலில் எதுவும் இல்லை. வெயில் தெரிந்தது. மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டுப் பெண் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். ஏறிக் குதித்துவிடலாம் என்று பொறி கையை வெளியே நீட்டினாள்.

விரல்கள் இரும்பில் இடித்தன.

கையை இழுத்துக்கொண்டு பார்த்தாள். வெறும் வெளி. மறுபடி நீட்டினாள். கண்ணுக்குத் தெரியாத கம்பி, கட்டைவிரல் தடிமன், வெயிலிலும் சில்லென்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. இடையில் முஷ்டி நுழையவில்லை. கையைக் கீழே இறக்கினாள். நெஞ்சு உயரத்தில் கம்பி வழவழவென்று இருந்தது. அந்த இடம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.

அடுத்த கம்பிக்குக் கையை நகர்த்தினாள்.

அங்கே ஏற்கெனவே ஒரு கை இருந்தது.

அலறினாள். துணி எடுக்கிறவள் திரும்பவில்லை. சுத்தியலை எடுத்து வெற்றுவெளியில் ஓங்கி அடித்தாள். மணிபோல ஒலித்தது. அவள் தோள் மரத்துப்போயிற்று. இன்னொரு அடி. இன்னொன்று. கீழே புகை குறைவாக இருக்கும் என்று குனிந்தாள். தவழ்ந்தே கதவருகில் போய்விடலாம் என்று நினைத்தாள். உலையைத் தாண்டுவதற்குள் கைகால் துவண்டது. கன்னம் தரையில் பட்டது. காதோரம் யாரோ, அலுத்துப்போன குரலில், கிசுகிசுத்தார்கள்.

"கத்தாத. யாருக்கும் கேக்காது."

கண் விழித்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தாள். முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். கரிப்புகை மூளைக்கு ஏறினால் இல்லாததெல்லாம் தோன்றும், கேட்கும் என்று டாக்டர் விளக்கினார். அவளுக்கும் அதை நம்ப ஆசையாகத்தான் இருந்தது. மாஸ்க்கை எடுத்த பிறகு, கணவன் பக்கத்துக் கட்டில்காரர் தூங்கிவிட்டாரா என்று பார்த்துவிட்டுச் சொன்னான்.

எத்தனை தடவை அழைத்தும் அவள் போன் எடுக்கவில்லை என்று ஷிஃப்ட் முடிந்து பின்சந்து வழியாக வந்திருக்கிறான். ஜன்னலில் பொறி நிற்பதைப் பார்த்தான். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். விளையாடுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தானாம்.

"நான் என்ன சொன்னேன்?"

"கதவைத் திறன்னு சொன்ன. அது மட்டும்தான்."

அவன் சுற்றி ஓடி, தன்னிடமிருந்த சாவியால் வாசலைத் திறந்து, பின்னறைத் தாழ்ப்பாளைக் கல்லால் தட்டித் தட்டி நகர்த்தினான். கதவு திறந்த வேகத்தில் புகை வந்தது. புகையோடு ஒரு தோள் அவனை உரசிக்கொண்டு போயிற்று. உள்ளே பொறி உலைக்குப் பக்கத்தில் குப்புறக் கிடந்தாள். அவளைத் தூக்கும்போதுதான் ஜன்னலைப் பார்த்தான்.

"கம்பியே இல்ல, பொறி. நான்தானே அறுத்தேன்."

புகை அவள் மூளைக்கு ஏறியிருக்கலாம். அவன் திறந்தவெளியில் நின்றிருந்தான்.

வீடு திரும்பியதும் குறடு, உளி, மிச்சக் கம்பிகள் எல்லாவற்றையும் பின்னறையில் போட்டுத் தாழ்ப்பாளிட்டு, புதுப் பூட்டும் மாட்டினான். வேறு வீடு பார்த்தாயிற்று. அது காலியாகும்வரை இங்கேதான் இருந்தாக வேண்டும். பொறி வீட்டுக்காரருக்குப் போன் செய்து, அந்த அறையில் யார் இருந்தார்கள் என்று நேராகவே கேட்டாள். என் அக்கா இருந்தாள், கடைசிவரை என்றார். பிறகு அவரே கேட்டார்.

"கதவைத் திறந்தீங்களாம்மா?"

திறந்தோம் என்றாள். அவர் போனை வைத்துவிட்டார். அதன் பிறகு எத்தனை முறை அழைத்தும் எடுக்கவில்லை.

அந்த வாரம் கணவனுக்கு லீவு. கை சும்மா இருந்தால் மனசு எங்கெங்கோ போகிறது என்று, துருப்பிடித்திருந்த படுக்கையறை ஜன்னல் கம்பிகளுக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்தான். பெயின்ட் வாடை தாங்காமல் இருவரும் கூடத்தில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். பல நாளைக்குப் பிறகு அவள் கொஞ்சம் சிரித்தாள். டம்ளரை வைத்துவிட்டு, காய்ந்ததா பார்க்கலாம் என்று சேர்ந்தே உள்ளே போனார்கள்.

நெஞ்சு உயரத்தில் இரண்டு கம்பிகளில் பெயின்ட் வழித்தெடுக்கப்பட்டிருந்தது. பிடித்த கைகளின் தடம். உள்ளங்கைத் தடம் அறையின் பக்கம். விரல்கள் வெளியே போய் வளைந்திருந்தன.

அறைக்குள்ளிருந்து பிடித்த பிடி.

பொறி தன் கையை அதன் அருகில் வைத்துப் பார்த்தாள். அந்த விரல்கள் அவளுடையதைவிட மெலிந்தவை. கணவன் அவள் முழங்கையைப் பற்றிப் பின்னால் இழுத்தான்.

"வா. போயிடலாம்."

அவன் சொல்லி முடிக்கவில்லை. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அதற்கடுத்த கம்பியின் ஈரப் பெயின்டில், ஒவ்வொரு விரலாகப் பதிந்தது.