அறுபத்தோராம் பக்கம்

அன்று அழியவேண்டிய கோப்புகளின் பட்டியலில் எட்டாவது வரி இடித்தது. போன முறை பதினான்கு பக்கம் என்று போட்டிருந்தார்கள், இப்போது அறுபத்தொன்று. ஒடெட் அந்த எண்ணின் மேல் வைத்த விரலை எடுக்கவில்லை. செத்துப்போனவனின் கோப்பு எப்படிப் பெருகும்?

லூசியன் அவளுக்கு ஒரே மகன். மெய்ன் மாநிலத்தில் ஓர் அணைக்கட்டைப் படம் பிடித்தான் என்று எவரோ போன் செய்ய, போலீஸ் உளவுத் தகவல் மையத்தில் அவன் பெயரில் கோப்பு முளைத்தது. கனடா எல்லையில் ஒவ்வொரு முறையும் நிறுத்தினார்கள். வேலை போனது. மூன்றாவது குளிர்காலம், மெல்லிய பனிக்கட்டி என்று தெரிந்தே ஏரிக்குள் நடந்துபோனான்.

அந்தக் கோப்பின் அழிவைக் கண்ணால் பார்க்கத்தான், மையத்தை மேற்பார்வையிடும் பொதுமக்கள் குழுவில் சம்பளமில்லாமல் சேர்ந்தாள். மேற்பார்வையாம்! பூனைக்கு மணி கட்டக் கூப்பிட்டு, மணிக்குள் பஞ்சை அடைத்துக் கொடுத்தார்கள். குழுவில் இருப்பவர் தன் உறவினரின் கோப்பைத் தொடக்கூடாது என்பது விதி. அந்தரங்கப் பாதுகாப்பு அதிகாரி ஹாஸ்கெல் அவளிடம் பள்ளியில் படித்தவன், கண்டுகொள்ளவில்லை.

"அஞ்சு வருஷமா யாருமே தொறக்கல டீச்சர். பதிவப் பாத்துட்டேன்," என்றான்.

"அப்ப இத்தன பக்கம் எங்கேருந்து வந்துச்சு?"

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "நாலு மணிக்கு அதுவா அழிஞ்சுடும். இன்னும் இருபது நிமிஷம். கை வைக்காதீங்க. ஆய்வுக்குன்னு தொறந்தாலும் கணக்கு மறுபடி மொதல்லேருந்துதான், இன்னும் அஞ்சு வருஷம்."

காப்பி எடுத்துவர அவன் வெளியே போனான். ஜன்னலில்லாத அந்த அறையில் சூடேற்றியின் முனகலும், பூட்ஸ் பனி உருகி நனைத்த கம்பளத்தின் நாற்றமும், சுவருக்கு அப்பால் கணினிகள் ஓயாமல் இரையும் ஒலியும் இருந்தன. அந்த இரைச்சலுக்கு அடியில் இன்னொன்று கேட்டது. பனிக்கட்டி விரிசல் விடும் சத்தம். மெதுவாக. இழுத்து இழுத்து.

பெற்ற வயிறு கேட்குமா? திரையில் கோப்பைத் திறந்தாள்.

பதினான்கு பக்கம் பழையவை. பதினைந்தில் ஒரு படம்: ஏரி, பனிக்கட்டி, இடுப்புவரை நீரில் லூசியன். தேதி, அடக்கம் முடிந்த மறுவாரம்.

அடுத்த பக்கம். இன்னும் கொஞ்சம் கீழே. அடுத்தது. மார்பு. தோள். கழுத்து. பக்கத்துக்குப் பக்கம் விரலளவு இறங்கிக்கொண்டிருந்தான். அறுபத்தொன்றில் மூக்குக்கு மேலே மட்டும். கண்கள் மூடியிருந்தன. இந்தக் கோப்பு வருடக்கணக்காகத் தூங்கவிடாமல் வைத்திருந்த பிள்ளைக்கு அப்போதுதான் தூக்கம் வந்திருந்தது.

ஐயோ, என்ன காரியம் செய்தேன் என்று நினைத்தாள். மூடும் பொத்தானை அழுத்தினாள். மூடவில்லை. மறுபடி அழுத்தினாள்.

பக்கம் அறுபத்திரண்டு.

கீழே இன்றைய தேதி. நீட்டித்தவர்: ஒடெட் திபோடோ. மேலே, கரையில், முழு உருவமாக, நீர் சொட்டச் சொட்ட லூசியன் நின்றான். கண்களை அகல விழித்து, வாயைப் பிளந்து, அவளையே பார்த்தபடி.